ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: புதிதாக வாங்க நினைப்பவருக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில், வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் இரண்டு வகை வீடுகளில்தான் எழுகிறது. ஒன்று, ஊரைவிட்டு ஒதுங்கிய தென்னந்தோப்பிலோ இறால் பண்ணையிலோ குடும்பத்தோடு இருப்பவரின் வீடு. மற்றொன்று, நகையும் பணமும் உள்ளே இருக்க, வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் வீடு. இருவரும் முதலில் கேட்கும் கேள்வி, எந்தத் துப்பாக்கி நல்லது என்பதே. அந்தக் கேள்விக்கு விடை எளிது. சட்டமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. யோசிக்க வேண்டியவை வேறு: குடியிருக்கும் வீட்டின் சுவர் எத்தகையது, உரிமம் யார் பெயரில் இருக்கும், எந்தத் தோட்டாவை வைத்திருப்பது, உப்புக்காற்றில் இரும்பை எப்படிக் காப்பது ஆகியவை. துப்பாக்கியின் பெயரையும் விலையையும் விட இவற்றுக்கே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த அளவிலேயே செல்கிறது.

வீட்டை முதலில் பாருங்கள்

ஒரு மாலை நேரத்தில் வீட்டைச் சுற்றி நடந்து, உள்ளே ஒரு குண்டு வெடித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வோர் அறையிலும் கேட்டுக்கொள்வது முதல் வேலை. செங்கல் சுவர் பெரிய ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டை, தடுத்துவிடும். மரக்கதவு, ஜன்னல், தகரம், ஆஸ்பெஸ்டாஸ் தகடு, ஓலைத் தட்டி ஆகிய எதுவும் தடுக்காது. கீழக்கரையின் பழைய வீடுகளுக்குத் தடித்த சுவர்கள் இருந்தாலும் தெரு குறுகலானது. எதிர்வீட்டு வாசலும் நம் வாசலும் சில அடிகளே தள்ளி இருக்கும். மீனவர் குடியிருப்புகளில் அடுத்த வீட்டுக் குழந்தை உறங்கும் இடத்துக்கும் நம் அடுப்படிக்கும் இடையில் ஓர் ஓலைத் தட்டி மட்டுமே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் துப்பாக்கியும் பாதுகாப்பானதல்ல. அங்கே இருப்பவர் இதே பணத்தில் இரும்புக் கதவு, நல்ல தாழ்ப்பாள், வாசலிலும் கொல்லையிலும் ஆளைக் கண்டதும் எரியும் விளக்கு, கேமரா, ஒரு நாய் ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டு, நகையை வங்கி லாக்கருக்கு அனுப்புவது மேல். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக்கு நடுவிலோ உச்சிப்புளித் தோப்புகளிலோ தனித்து நிற்கும் செங்கல் வீட்டுக்குக் கணக்கு வேறு. போலீஸ் வந்து சேர நேரமாகும் இடம் என்பதால் அங்கே துப்பாக்கிக்கு ஒரு நியாயம் உண்டு. அந்த வீட்டிலும் மேற்சொன்ன கதவும் விளக்கும் இல்லாமல் துப்பாக்கி மட்டும் இருப்பதில் பயனில்லை, ஏனெனில் திருடன் உள்ளே வந்த பிறகு கண்விழிப்பவருக்குப் பெட்டியைத் திறக்கவே நேரம் இராது.

உரிமம்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் வகுத்த வழியில் அரசு தரும் அனுமதி. உரிமம் கையில் வருவதற்கு முன் துப்பாக்கியைத் தெரிந்தவரிடமிருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டும் அதிகபட்சம் 5 ஆண்டும் சிறைத் தண்டனை உண்டு. நாட்டுத் துப்பாக்கியும் இதில் அடக்கம். காட்டுப்பன்றிக்காக வைத்திருக்கிறேன் என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

விண்ணப்பிப்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 என்ற படிவத்தில், உள்துறை அமைச்சகத்தின் ஆயுத உரிம இணையதளம் வழியாகத் தொடங்கி, உரிமம் வழங்கும் அதிகாரியான மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்துக்குச் செல்கிறது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, புகைப்படம், உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ளன என்ற மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு, எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதைச் சொல்லும் விளக்கமும் தர வேண்டும். பலரது விண்ணப்பம் தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். 'பாதுகாப்புக்காக' என்று ஒரு வரி எழுதினால் போதாது. வீடு ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பக்கத்துக் காவல் நிலையம் எவ்வளவு தூரம், இதற்கு முன் திருட்டோ மிரட்டலோ நடந்து புகார் தந்திருந்தால் அதன் நகல், தோப்பு அல்லது பண்ணைக்கான பட்டா, அங்கே வேறு ஏற்பாடுகள் என்ன உள்ளன என்று விவரமாக எழுதுங்கள். பிறகு காவல் துறை விசாரணை நடக்கும். வருவாய்த் துறையிடமும் அறிக்கை கேட்கப்படலாம். நிலையத்திலிருந்து வருபவர் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் விசாரிப்பார்; நிலத் தகராறோ குடும்பச் சண்டையோ இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அது எப்படியும் அறிக்கையில் வரும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு விதியைப் பலர் அறியாமல் காலத்தை வீணாக்குகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. குருசடை, முயல்தீவு, அப்பாத்தீவு உள்ளிட்ட அதன் 21 தீவுகள் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் பக்கம் வரை கரையை ஒட்டியே கிடக்கின்றன. மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி ஆகியவற்றில் குடியிருப்பவர் தம் வீடு இந்தச் சுற்றளவுக்குள் வரும் என்று எடுத்துக்கொண்டே தொடங்கலாம். ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டை, முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், உள்ளே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் எனப் பறவைச் சரணாலயங்களும் இருப்பதால், கடலிலிருந்து தள்ளி இருப்பவரும் வரைபடத்தில் அளந்து பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர் சரணாலயத்தின் 10 கிலோமீட்டருக்குள் வசித்தால் வனத்துறையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. வனத்துறை இசைவு தனியாகக் காலம் எடுக்கும் என்பதால், விண்ணப்பத்தோடு சேர்த்தே இதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் வீடு. உரிமம் ஒரு மனிதருக்குத் தரப்படுகிறது, வீட்டுக்கு அல்ல. அவர் துபாய்க்கு விமானம் ஏறியதும் அந்தத் துப்பாக்கியை அவருடைய மனைவியோ தம்பியோ அப்பாவோ வைத்திருக்கவும் எடுத்துச் சுடவும் சட்டம் இடம் தருவதில்லை. நீண்ட நாள் ஊரில் இல்லாதபோது அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதாவது, ஆண் இல்லாத வீட்டுக்குப் பாதுகாப்பு என்று எண்ணி அவர் பெயரில் வாங்கும் துப்பாக்கி, அவர் இல்லாத நாள்களில் அந்த வீட்டில் இருக்கவே முடியாது. உண்மையிலேயே துப்பாக்கி தேவைப்படும் வீடு என்றால், அங்கே நிரந்தரமாக இருப்பவர், அது வீட்டு அம்மாவாக இருந்தாலும், தம் பெயரில் விண்ணப்பித்துத் தாமே பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் பலர் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டுக் கேமரா வாங்கப் போகிறார்கள். அது சரியான முடிவுதான்.

எந்தத் துப்பாக்கி

ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு, பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒருவர் கேட்பது 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கி என்றால், மறுக்க வேறு காரணம் இல்லாதபோது உரிமம் வழங்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வர்ணனைக்குப் பொருந்துவது நாம் அனைவரும் அறிந்த 12 போர் துப்பாக்கி ('போர்' என்பது குழலின் உள்ளளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்). ரிவால்வருக்கோ பிஸ்டலுக்கோ இப்படி ஒரு சாதகமான வாசகம் இல்லை. உயிருக்கு நேரடி அச்சுறுத்தல் உள்ளது என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டியிருக்கும். 9 மி.மீ., .303, 7.62 மி.மீ. போன்ற ராணுவ அளவுகள் தடை செய்யப்பட்டவை; பொதுமக்கள் அவற்றை நினைக்கவே வேண்டாம். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் என்பதும் 2019 திருத்தம். அதற்கு முன் மூன்று.

உரிமம் கிடைக்கும் என்ற நிலையிலும், புதியவருக்கு .32 ரிவால்வரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கான்பூரில் செய்யப்படும் இந்த வகை, 2014இல் பெண்களுக்கென்று வந்த இலகுவான 'நிர்பீக்' உட்பட, கைக்கு அடக்கமானது, பூட்டி வைக்க எளியது என்பது உண்மை. ஆனால் கைத்துப்பாக்கியை இருட்டில், பதற்றத்தில், குறி தவறாமல் சுடுவதற்குத் தொடர்ந்த பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கான தளமும் தோட்டாவும் நம் மாவட்டத்தில் எளிதில் கிடைப்பதில்லை. விலையும் மிக அதிகம். .315 ரைபிள் வீட்டுக்கு முற்றிலும் பொருந்தாது. அதன் குண்டு கதவையும் மெல்லிய சுவரையும் தாண்டி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் வேகத்தோடு போகும். நம் கரையோ மேடு பள்ளம் இல்லாத மணல்வெளி. அந்தக் குண்டைத் தடுக்க ஒரு குன்று கூட இல்லை. ஏர்கன் வகையில் 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் சிலர் அதை வாங்கிக் காவலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அது திருடனை நிறுத்தாது, கோபப்படுத்த மட்டுமே செய்யும்; அதை வைத்துக் கொக்கையும் நாரையையும் சுடுவது வன உயிரினச் சட்டப்படி தனிக் குற்றம்.

ஆகவே 12 போர். 12 என்ற எண், ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக உருட்டினால் அவற்றில் ஒன்று அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது. குழலின் உள் விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. இதில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்ஷன் என மூன்று வகை கடையில் கிடைக்கும். புதியவருக்கு இரட்டைக் குழல் துப்பாக்கியே ஏற்றது. மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் அது நடுவில் மடங்கி, இரண்டு தோட்டா அறைகளும் கண்ணுக்கு நேராகத் தெரியும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மடக்கித் திறந்த நிலையில் அது சுடவும் முடியாது. ஒரு விசை பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். பம்ப் ஆக்ஷனில் அதிகத் தோட்டாக்கள் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் குழலின் அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் உறையைக் காலி செய்த பிறகும் தோட்டா அறையில் ஒன்று தங்கிவிடுவதும், அது தெரியாமல் ஒருவர் விசையைத் தொடுவதும் பழகாதவர் கையில் நடக்கக்கூடியவை. வீட்டுக் காவலில் மூன்றாவது தோட்டா தேவைப்படும் சூழல் மிக அரிது. வெறும் துப்பாக்கி என்று நினைத்த துப்பாக்கி வெடிப்பது அவ்வளவு அரிதல்ல.

கடையில் கையில் எடுக்கும்போது, யார் அதைப் பயன்படுத்தப் போகிறாரோ அவர் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். தோளில் பதியும் மரக்கட்டை நீளமாக இருந்தால் குட்டையான கையுள்ளவருக்கு, சுடும்போது வரும் உதை தோளில் விழாமல் மேற்கையில் விழும். 32 அங்குலக் குழல் பறவை வேட்டைக் காலத்து நீளம். வீட்டின் நடைக்கும் மாடிப்படிக்கும் 28 அங்குலமோ அதற்குக் குறைவானதோ போதும், ஆனால் சட்டம் சொல்லும் 20 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. வாங்கிய பிறகு குழலை அறுத்துக் குறைப்பது கடும் குற்றம். குழல்வாயின் குறுக்கமான 'சோக்' பற்றிக் கேட்டு, குறுக்கம் குறைந்த குழல் எந்த விசைக்கு உரியது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இரட்டைக் குழல்களில் அது வலக்குழல், முன்விசை. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அரசுத் தயாரிப்புத் துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா' பெயரில் வருகின்றன. தனியார் தயாரிப்புகளும் உண்டு. வெளிநாட்டுப் பெயர் பொறித்த துப்பாக்கிகளுக்கு மயங்க வேண்டாம். பொதுமக்களுக்கான இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டதால், சந்தையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை கைமாறிய பழையவை, விலையும் அநியாயம்.

தாத்தா வைத்திருந்த துப்பாக்கி

இந்த மாவட்டத்தில் புதிதாக உரிமம் கேட்பவர்களில் சிலர் உண்மையில் புதிய துப்பாக்கிக்காகக் கேட்பதில்லை. பரணில் அல்லது காவல் நிலையத்தில் கிடக்கும் குடும்பத் துப்பாக்கியைத் தம் பெயருக்கு மாற்றத்தான் கேட்கிறார்கள். உரிமதாரர் இறந்த பின் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பது உரிமமின்றி வைத்திருப்பதற்குச் சமம். அதை உடனே நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைத்து, வாரிசுச் சான்றோடும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடும் விண்ணப்பிக்க வேண்டும்.

உரிமம் வந்துவிட்டாலும், அந்தத் துப்பாக்கியைச் சுடலாமா என்பது தனிக் கேள்வி. குழலின் மேல் மரத்தின் வரிகளைப் போலவோ நீரலையைப் போலவோ சுழிக்கோலம் தெரிந்தால், அது இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துக்கென்று செய்யப்பட்ட அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கலாம். அதைச் சுவரில் தொங்கும் நினைவுப்பொருளாக வைப்பதாக இருந்தாலும், அதற்கு உரிமம் வேண்டுமா, இரண்டு துப்பாக்கி என்ற கணக்கில் அது சேருமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.  சுழிக்கோலம் இல்லாத பழைய துப்பாக்கியிலும், குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் பொறித்துள்ள தோட்டா அறையின் நீளத்தையும் சோதனை முத்திரையையும் படித்துப் பார்க்க வேண்டும். பழையவை பெரும்பாலும் 65 மி.மீ., புதியவை 70 மி.மீ. நீளமானது. 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் இடறாமல் நுழைந்துவிடும்; வெடிக்கும்போது அதன் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது. இரண்டு குழலும் பூட்டும் இடத்தில் ஆட்டம் இருந்தாலோ, உள்ளே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்போது துருக்குழிகள் தெரிந்தாலோ, ஆயுதம் பழுது பார்க்க உரிமம் பெற்றவரிடம் காட்டாமல் சுட வேண்டாம்.

தோட்டா

உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். வணிகர் ஒவ்வொரு வாங்கலையும் அதில் பதிவார். தோட்டாவைப் பக்கத்துத் தோப்புக்காரருக்குக் கடன் கொடுப்பது கூடக் குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேங்காய் எண்ணிக் கொடுப்பது போல அதைக் கொடுத்து வாங்கும் பழக்கம் முன்பு இருந்தது.

12 போர் தோட்டாவின் பெட்டியில் எழுதியுள்ள எழுத்தோ எண்ணோ உள்ளே உள்ள ரவையின் பருமனைச் சொல்கிறது. எல்.ஜி., எஸ்.ஜி. ஆகியவை மிகப் பெரியவை, எஸ்.ஜி. ஏறத்தாழ எட்டரை மி.மீ. விட்டமுள்ளது, ஒரு தோட்டாவில் பத்துக்கும் குறைவான குண்டுகளே இருக்கும். பி.பி. ஏறத்தாழ நான்கு மி.மீ. அதற்குக் கீழே 4, 6, 8 என்று எண் கூடக்கூட ரவை சிறிதாகி எண்ணிக்கை பெருகும். இவை பறவை வேட்டைக்கும் தட்டுச் சுடும் விளையாட்டுக்கும் உரியவை. பூனா அருகே கிர்க்கித் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாக்களே நம் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்குபவை.

எதை வைத்துக்கொள்வது என்பதில் இரண்டு பயங்கள் மோதுகின்றன. சிறிய ரவை ஆளைத் தடுத்து நிறுத்தாமல் போய்விடலாம். பெரிய ரவை கதவைத் துளைத்து அப்பால் இருப்பவரைத் தாக்கலாம். தனித்து நிற்கும், செங்கல் சுவருள்ள வீட்டில் எஸ்.ஜி.யே சரி. அது தேவையான ஆழம் செல்லும், சுவர் அதைத் தடுக்கும், குறி தவறினாலும் அப்பால் மணல்தான் இருக்கும். எல்.ஜி. அதைவிடப் பெரியது, வீட்டுக்குள் அதனால் கூடுதல் பயன் இல்லை. தகரமோ பலகையோ அறைகளைப் பிரிக்கும் பண்ணை வீட்டில் பி.பி.யைப் பரிசீலிக்கலாம், அது தடுப்பைத் தாண்டினால் வேகத்தைப் பெரிதும் இழக்கும். ஆனால் சிறிய ரவை என்றால் ஆபத்தில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஓர் அறையின் தூரத்தில் 6ஆம் எண் ரவையும் ஒரே கட்டியாகவே போய் உயிரைப் பறிக்கும். மிரட்டுவதற்காகச் சின்ன ரவையை வைத்திருக்கிறேன் என்பவர் கொலை வழக்கில்தான் போய் நிற்பார்.

இதோடு சேர்ந்த மற்றொரு தவறான எண்ணம், ரவை விசிறிப் பரவும், ஆகவே குறி பார்க்க வேண்டியதில்லை என்பது. ஐந்து மீட்டர் தூரத்தில் அந்தப் பரவல் ஓர் உள்ளங்கை அகலம்தான். குறி பார்க்காத சூடு சுவரிலோ, அதைவிட மோசமான இடத்திலோ போய் விழும். வாங்கும் தோட்டாவில் சிலவற்றை, அனுமதி பெற்ற பயிற்சித் தளத்தில் பெரிய காகிதத்தில் சுட்டு, உங்கள் துப்பாக்கி அந்தத் தோட்டாவை எப்படிப் பரப்புகிறது என்று பார்த்துவிடுங்கள். ரைபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சி பெறுவது, ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றாலும், தவிர்க்கக்கூடாத செலவு. தோப்பில் தேங்காயைக் குறி வைத்துப் பழகுவது பயிற்சி ஆகாது, குற்றம் ஆகலாம். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019 திருத்தம் 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

வீட்டில் 12 போர் தவிர வேறு அளவுத் தோட்டா இருக்கவே கூடாது. 20 போர் தோட்டா சற்று ஒல்லி. அது 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று பாதியில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும்.

உப்புக்காற்று

கடலிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதோடு ஈரமும் சேர்கிறது. தஞ்சாவூரில் ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்தால் போதும் என்று இருக்கும் துப்பாக்கிக்கு இங்கே மாதம் இரு முறையாவது கை வைக்க வேண்டும், மழைக்காலத்தில் வாரந்தோறும். கருநீலப் பூச்சுள்ள குழலில் விரல் பட்ட இடமே முதலில் துருப்பிடிக்கும், ஏனெனில் வியர்வையிலும் உப்புதான் உள்ளது. ஆகவே எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டே வைக்க வேண்டும். இதற்கென்று விற்கும் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்து, உள்ளே உள்ள சிறு பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வழிய விட்டால் அது தோட்டா அறைக்குள் இறங்கி, தோட்டாவின் மருந்தை நனைத்துவிடும்.

அழகான தோல் உறை கடையில் விற்கும். அதைப் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தோலும் கம்பளியும் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, ஒரே மழைக்காலத்தில் குழல் முழுவதையும் செந்நிறமாக்கிவிடும். இரும்புப் பெட்டியை வெளிச்சுவரை ஒட்டாமல் உட்சுவர்ப் பக்கம் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை நிறம் மாறும்போது காயவைத்தோ மாற்றியோ வர வேண்டும். தோட்டாவின் பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தாலோ, உறை உப்பி அறைக்குள் இறுக்கமாக நுழைந்தாலோ அதைப் பயன்படுத்தக்கூடாது. அட்டை உறையுள்ள பழைய தோட்டாக்கள் இங்கே விரைவில் உப்பிவிடும். பிளாஸ்டிக் உறையுள்ளவற்றையே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். கெட்ட தோட்டாவை அடுப்பிலோ குப்பையிலோ கடலிலோ போடாமல் வணிகரிடம் திருப்பிக் கொடுத்து, பதிவில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டு

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் உரிமதாரரின் இடுப்பில். அவசரத்துக்கு ஆகாதே என்ற எதிர்வாதம் நியாயமானதுதான்; ஆனால் கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்து நிறையும் வீட்டில் நிரப்பிய துப்பாக்கி கதவுக்குப் பின்னால் நிற்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. கதவும் விளக்கும் நாயும் சேர்ந்து தரும் இரண்டு மூன்று நிமிட முன்னெச்சரிக்கையில் இரண்டு பூட்டையும் திறந்துவிடலாம். அதைப் பகலில், வெறும் துப்பாக்கியோடு பலமுறை செய்து பழகுங்கள். யார் கையில் தந்தாலும் மடக்கித் திறந்தே தருவது, குழல்வாயை ஆளை நோக்கித் திருப்பாதது, சுடும் முடிவு வரும் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடாதது ஆகியவை எப்போதும் பொருந்தும்.

இரவில் சத்தம் கேட்டால்

துப்பாக்கியோடு இருட்டில் வெளியே தேடிப் போகாதீர்கள். வீட்டாரை ஓர் அறையில் சேர்த்து, உள்ளே தாழிட்டு, 100 அல்லது 112க்கு அழைத்து, வெளி விளக்குகளைப் போட்டு, துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் வருகிறது என்று உரக்கச் சொல்லுங்கள். வந்தவர் பெரும்பாலும் அப்போதே ஓடிவிடுவார். ஓடுபவரைச் சுட சட்டம் அனுமதிப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் உள்ள திருட்டு அல்லது அத்துமீறல் ஆகியவற்றில்தான் சொத்தைக் காக்கும் உரிமை எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நீள்கிறது. அப்போதும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தேங்காய் திருடுபவரும், பண்ணையில் வலை வீசி இறால் அள்ளுபவரும் இந்தப் பட்டியலில் வருவதில்லை.

கடற்கரையில் இரவில் தெரியும் அந்நிய உருவம் பற்றி ஒரு வார்த்தை. கரை திரும்பும் மீனவர், வழி தவறிய யாத்ரீகர், 2022இல் இலங்கை நெருக்கடியின்போது அரிச்சல்முனையில் வந்து இறங்கியவர்களைப் போன்ற அகதிக் குடும்பங்கள் என்று நனைந்த உடையோடு கதவைத் தட்டுபவர்கள் இங்கே வருவதுண்டு. கடத்தல் என்று சந்தேகம் வந்தாலும் அது உங்கள் துப்பாக்கிக்கு உரிய வேலையல்ல. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். உரிமம் இருக்கிறதென்று துப்பாக்கியைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். எல்லைக்கோட்டுக்கு அருகே கடற்படை மறித்தால், வீட்டுக் காவலுக்கான உரிமத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

தொடர்ந்து செய்ய வேண்டியவை

உரிமம் இப்போது 5 ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாக இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்; ஒரு நாள் தவறினாலும் அந்தத் துப்பாக்கி உரிமமில்லாதது ஆகிவிடும். உரிமத்தில் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தில் மாறிவந்த பழைய புத்தகங்களில் அது இல்லையென்றால் உடனே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வரும். செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபரில் பசும்பொன் நிகழ்வுகளையொட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடப்படுவது வழக்கம் என்பதால், அந்த நாள்களில் பழுதுபார்க்கவோ பயிற்சிக்கோ துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு புறப்படுவதற்கு முன் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்படைக்கும்போது எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்ப எடுத்த அன்றே குழலுக்குள் துரு ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.